அருங்காட்சியகத்துக்கு ஒரு பள்ளிப் பயணம்: வாலாஜாபாத்திலிருந்து எழும்பூர் வரை

அருங்காட்சியகத்துக்குச் செல்லும் பள்ளிக் களப்பயணம் வகுப்பறைக்கு வெளியே நடக்கும் ஒரு பாடம். உல்லாசப் பயணத்துக்கும் இதற்கும் பேருந்தும் கட்டுசாதமும் பொதுவானவை; நோக்கம் மட்டும் வேறு. பயணம் முடிந்து ஒரு மாதம் கழித்து, மாணவர் ஒருவர் தாம் பார்த்த ஒரு பொருளைப் பற்றிக் கேள்வி கேட்கவும் பதில் தேடவும் முடிந்தால் அது வெற்றி. அந்த வெற்றி பெரும்பாலும் பயண நாளில் தீர்மானமாவதில்லை. அதற்கு முந்தைய மூன்று, நான்கு வாரங்களில் ஆசிரியர் செய்யும் வேலையும், திரும்பி வந்த மறுவாரம் வகுப்பில் நடப்பதும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் வாலாஜாபாத்தும் அதைச் சுற்றியுள்ள ஒரகடம், சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதிகளும் இன்று தொழிற்சாலைகளால் அறியப்படுபவை. கார், லாரி, டயர், கைபேசி உற்பத்தி இங்கே நடக்கிறது. ஆனால் இதே நிலப்பரப்பு தமிழ்நாட்டின் மிகப் பழைய மனிதத் தடயங்களுக்கும் பல்லவர், சோழர் காலச் சின்னங்களுக்கும் நடுவில் இருக்கிறது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் சாலைவழியில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவு. காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம் என்பதால், இப்பகுதிப் பள்ளிகளுக்கு அருங்காட்சியகப் பயணம் எட்டாத ஒன்றல்ல.

எங்கே செல்வது?

முதலில் எடுக்க வேண்டிய முடிவு இடம். வகுப்பில் அந்தப் பருவத்தில் நடக்கும் பாடத்துக்கும் அருங்காட்சியகத்தில் உள்ள பொருளுக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டும். பாடத்தை முதலில் குறித்துக்கொண்டு அதற்கேற்ற இடத்தைத் தேடுவதே சரியான வரிசை.

தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு நீண்ட பயணம் ஒத்துவராது. அவர்களுக்கு அருகிலுள்ள காஞ்சிபுரம் அரசு அருங்காட்சியகம் போதும், அரைநாளில் முடித்துவிடலாம். அருங்காட்சியகம் என்றால் என்ன, அங்கே எப்படி நடந்துகொள்வது என்று பழகிக்கொள்ளவும் அது ஏற்ற இடம். அறிவியல் பாடத்துக்குச் சென்னை கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும், அதே வளாகத்தில் 1988இல் திறக்கப்பட்ட பிர்லா கோளரங்கமும் உள்ளன. பழங்கற்காலத்தை மட்டும் குறிவைத்தால் திருவள்ளூர் மாவட்டம் பூண்டியில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்தும் தொல்பழங்கால அகழ்வைப்பகம் பொருத்தமானது. வீடு கட்டும் முறை, நெசவு, மண்பாண்டம் போன்ற வாழ்வியல் பாடங்களுக்கு முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கும் தட்சிணசித்ரா உதவும்.

சுவரும் கூரையும் உள்ள கட்டடமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. வாலாஜாபாத்துக்குத் தெற்கே உத்திரமேரூரில், வைகுண்டப்பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்த அவை குடவோலை முறையில் ஊர்ச்சபைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்ததை விரிவாகச் சொல்கின்றன. போட்டியிட என்ன தகுதி வேண்டும், யாருக்குத் தகுதியில்லை என்பதெல்லாம் அங்கே எழுத்தாக இருக்கிறது. பாடப்புத்தகத்தில் சில வரிகளாக வரும் செய்தியைக் கல்லிலேயே பார்ப்பது வேறு அனுபவம்.

எல்லாப் பாடங்களுக்கும் ஏதாவது ஒரு பொருளை வைத்திருக்கும் இடம் எழும்பூர். ஆறாம் வகுப்பிலிருந்து மேல்நிலை வகுப்பு வரை அது பயன்படும். அதனால் இனிவரும் விளக்கங்கள் அதை முன்வைத்தே அமைகின்றன. வேறு இடத்துக்குச் செல்வோருக்கும் முறை இதேதான்.

எழும்பூர் அருங்காட்சியகம்: ஓர் அறிமுகம்

சென்னை அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. சென்னை இலக்கியச் சங்கத்தின் முயற்சியால், நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையிலிருந்த கட்டடத்தில் முதலில் இயங்கியது. மருத்துவரான எட்வர்டு பால்ஃபோர் அதன் முதல் பொறுப்பாளர். 1854இல் எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்கு அது மாறியது. அடுத்த ஆண்டு அங்கேயே ஒரு விலங்குக் காட்சிசாலையையும் பால்ஃபோர் தொடங்கினார். பின்னர் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போன அந்தக் காட்சிசாலைதான் 1985இல் வண்டலூருக்கு வந்து சேர்ந்தது. வாலாஜாபாத்திலிருந்து வண்டலூர் வழியாகச் செல்லும் மாணவர்கள், அந்த உயிரியல் பூங்காவின் பிறப்பிடத்துக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

வளாகத்தில் தனித்தனிக் கட்டடங்களில் தொல்லியல், மானிடவியல், நாணயவியல், விலங்கியல், தாவரவியல், நிலவியல் பிரிவுகளும், செப்புத் திருமேனிக் கூடமும், சிறுவர் அருங்காட்சியகமும் உள்ளன. சிவப்பு நிறத்தில் எழும்பி நிற்கும் தேசியக் கலைக்கூடக் கட்டடம் ஹென்றி இர்வின் வடிவமைத்த இந்தோ-சாரசனிக் பாணிக் கட்டடம். 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும் இதே வளாகத்தை ஒட்டியே இருக்கிறது.

இத்தனையையும் ஒரே நாளில் பார்க்க முயல்வதுதான் பள்ளிப் பயணங்களில் வழக்கமாக நேரும் தவறு. மாணவர்களை வரிசையாக நிறுத்தி, கூடத்துக்குக் கூடம் நகர்த்தி, மூன்று மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான பொருள்களைக் கடந்துவிட்டால் எதுவும் மனத்தில் தங்காது. அருங்காட்சியகச் சோர்வு புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916இலேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பொருள்கள் வைக்கப்பட்டிருக்கும் விதத்தால் பார்வையாளர் குனிந்தும் நிமிர்ந்தும் எட்டிப் பார்த்தும் களைத்துப்போவதை அவர் புகைப்படங்களோடு காட்டினார். பெரியவர்களுக்கே இப்படி என்றால் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு பயணத்துக்கு மூன்று கூடங்கள், கூடத்துக்கு மூன்று அல்லது நான்கு பொருள்கள் என்று வரையறுத்துக்கொள்வது நல்லது. மீதியை அடுத்த ஆண்டுக்கு வைக்கலாம். மெரினாவையும் வண்டலூர்ப் பூங்காவையும் அதே நாளில் சேர்க்கச் சொல்லி மாணவர்களும் பெற்றோரும் கேட்பது இயல்பு. சேர்த்தால் அருங்காட்சியகத்துக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம்தான்.

எந்தப் பொருளைக் காட்டுவது?

தங்கள் ஊரோடு தொடர்புள்ள பொருளிலிருந்து தொடங்கினால் மாணவர்களின் கவனம் எளிதில் கூடும். வாலாஜாபாத் மாணவர்களுக்கு அப்படிப்பட்ட பொருள்கள் எழும்பூரில் நிறைய உண்டு.

முதலாவது கற்கருவிகள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் ஃபுட், 1863 மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் ஒரு பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழங்கற்கால மனிதன் வாழ்ந்ததற்கு அறிவியல் முறையில் அடையாளம் காணப்பட்ட முதல் சான்றுகளில் அது இடம்பெறுகிறது. அதே ஆண்டு அவரும் அவருடைய சக ஆய்வாளர் வில்லியம் கிங்கும் கொற்றலை ஆற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர். அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு தலைமையிலான குழு பிற்காலத்தில் அகழாய்வு நடத்தியது. அங்குள்ள கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011இல் வெளியான அதன் ஆய்வு முடிவு கூறியது. ஃபுட் தம் வாழ்நாளில் சேகரித்த தொல்பொருள்களை 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. ஒன்பதாம் வகுப்பின் வரலாற்றுக்கு முந்தைய காலப் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடையாது.

இந்தக் கதை ஒரகடத்துக்கும் வந்து சேர்கிறது. ஒரகடம் அருகே வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கற்கருவிகளும் ரோமானிய ஆம்போரா ஜாடித் துண்டுகளும் வெளிப்பட்டன. கப்பலில் ஏற்றும் கன்டெய்னர்களோடு இன்று லாரிகள் ஓடும் இந்தப் பகுதிக்குக் கடல்கடந்த வாணிகம் புதிதல்ல என்பதை அந்தத் துண்டுகள் சொல்கின்றன. வாணிகத்தின் மற்றொரு தடயமான நாணயங்களையும் எழும்பூர் நாணயக் காட்சியில் இத்துடன் இணைத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது செப்புத் திருமேனிகள். திருவாலங்காட்டு நடராசர் இந்தக் கூடத்தில் புகழ்பெற்றது. திருவாலங்காடு அரக்கோணத்துக்கு அருகில், வாலாஜாபாத்திலிருந்து எளிதில் சென்றுவரக்கூடிய தொலைவில்தான் இருக்கிறது. இந்தச் சிலையின் புகைப்படங்களைப் பார்த்த பிரெஞ்சுச் சிற்பி ரொதான் 1913இல் அதைப் பற்றி வியந்து எழுதினார். அக்கட்டுரை 1921இல் அச்சாகியது. திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும், நாகப்பட்டினத்தில் கிடைத்த புத்தர் செப்புப் படிமங்களும் இங்கே உள்ளன. காஞ்சிபுரம் காமாட்சியம்மன் கோயில் வளாகத்தில் கண்டெடுக்கப்பட்ட, நின்ற நிலையிலான கற்புத்தரும் எழும்பூரில்தான் இருக்கிறார். காஞ்சி ஒரு காலத்தில் பௌத்தத்துக்கும் இடம் கொடுத்த நகரம் என்பதை அந்தச் சிலை ஒன்றே விளக்கிவிடும்.

மூன்றாவது, ஊரோடு நேரடித் தொடர்பில்லாவிட்டாலும், அமராவதிச் சிற்பங்கள். ஆந்திரத்தில் கிருஷ்ணா ஆற்றங்கரையில் இருந்த பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக்கல் பலகைகள் இவை. 1845இல் வால்டர் எலியட் தோண்டியெடுத்துச் சென்னைக்கு அனுப்பியவற்றில் பெரும் பகுதி 1859இல் லண்டனுக்குக் கப்பலேறியது. இன்று அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எஞ்சியவையும் பிற்காலத்தில் கிடைத்தவையும் எழும்பூரில் உள்ளன. ஒரு பொருள் யாருக்குச் சொந்தம், அது எங்கே இருக்க வேண்டும் என்ற விவாதத்தை மேல்நிலை வகுப்பு மாணவர்களிடம் தொடங்கிவைக்க இவை போதும்.

கீழ்வகுப்பு மாணவர்களைத் திமிங்கல எலும்புக்கூடு நிறுத்திவிடும். அதன் முன்னால் அரைமணி நேரம் செலவிட்டாலும் வீணல்ல. துடுப்புக்குள் விரல் எலும்புகள் ஏன் இருக்கின்றன என்ற கேள்வி உயிரியல் பாடத்தின் நல்ல தொடக்கம்.

ஆசிரியரின் முன்பயணம்

தேதி குறிப்பதற்கு முன் பொறுப்பாசிரியர்கள் இருவராவது ஒருமுறை நேரில் போய் வர வேண்டும். அருங்காட்சியகங்களில் கூடங்கள் பராமரிப்புக்காக மூடப்படுவதும், பொருள்கள் இடம் மாற்றப்படுவதும் வழக்கம். மாணவர்களிடம் சொல்லிவைத்த சிலை இருக்கும் கூடம் பூட்டியிருந்தால் மொத்தத் திட்டமும் சரியும்.

முன்பயணத்தில் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியவை பல. பேருந்து எங்கே நிற்கலாம்? கழிப்பறைகள் எங்கே, எத்தனை? குடிநீர் உண்டா? மதிய உணவை எங்கே உட்கார்ந்து சாப்பிட அனுமதிக்கிறார்கள்? மழை வந்தால் எங்கே ஒதுங்குவது? சக்கர நாற்காலியில் வரும் மாணவர் எந்தெந்தக் கூடங்களுக்குச் செல்ல முடியும்; மாடிக்கு மின்தூக்கி அல்லது சாய்தளம் இருக்கிறதா? மாற்றுத்திறன் மாணவர் செல்ல முடியாத கூடத்தைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது அவரைத் தனியே உட்காரவைப்பதைவிட மேலானது.

அலுவலகத்தில் பள்ளியின் கடிதத்தைக் கொடுத்து, மாணவர் எண்ணிக்கையையும் வரும் நேரத்தையும் முன்கூட்டியே தெரிவிக்கலாம். வழிகாட்டி விளக்கம் கிடைக்குமா, மாணவர் கட்டணச் சலுகைக்கு என்ன சான்று வேண்டும், புகைப்படக் கருவிக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

தேதியும் நேரமும்

எழும்பூர் அருங்காட்சியகம் காலை 9.30 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும். வெள்ளிக்கிழமையும் தேசிய விடுமுறை நாள்களும் விடுமுறை. தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. புறப்படுவதற்கு முந்தைய நாள் தொலைபேசியில் ஒருமுறை உறுதி செய்துகொள்வது பாதுகாப்பு.

வடதமிழக மாவட்டங்களில் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம் வருகிறது என்றாலும் அந்த நாள்களில் மழை எச்சரிக்கையும் சேர்ந்தே வரும். மார்ச், ஏப்ரல் தேர்வுக்காலம். ஆகவே ஜூலை முதல் செப்டம்பர் வரையும், பொங்கல் விடுமுறைக்குப் பிறகு ஜனவரி இறுதி, பிப்ரவரியும் ஏற்ற காலங்கள். விடுமுறை நாள்களில் பொதுமக்கள் கூட்டம் அதிகம் என்பதால் வாரநாளே நல்லது.

வழியும் வண்டியும்

வாலாஜாபாத்திலிருந்து எழும்பூருக்குச் சாலையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், பூவிருந்தவல்லி வழி. மற்றொன்று ஒரகடம், படப்பை, வண்டலூர், தாம்பரம், பல்லாவரம் வழி. இரண்டிலும் காலை நேரத்தில் தொழிற்சாலை ஷிப்ட் பேருந்துகளும் டிரெய்லர் லாரிகளும் நெருக்கும். ஏழு மணிக்கு முன்பே புறப்பட்டால் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். திரும்பும்போது பிற்பகல் இரண்டேகால் மணியளவில் கிளம்பினால், மாலையில் தொழிற்சாலைகள் விடும் நெரிசலுக்கு முன் ஒரகடத்தைக் கடந்துவிட முடியும்.

பல்லாவரம் வழிக்கு ஒரு கூடுதல் பயன் உண்டு. வடக்குப்பட்டு இருக்கும் பகுதியையும், ஃபுட் கருவி கண்டெடுத்த பல்லாவரத்தையும் பேருந்து கடக்கும். அந்தந்த இடங்களில் ஆசிரியர் இரண்டு நிமிடம் பேசினால் பயண நேரமும் பாடமாகிவிடும்.

பேருந்துக்குத் தகுதிச் சான்று, காப்பீடு, பெர்மிட், ஓட்டுநர் உரிமம் ஆகியவை நடப்பில் இருக்கின்றனவா என்று நேரில் பார்க்க வேண்டும். பள்ளியின் சொந்தப் பேருந்தைச் சுற்றுலாவுக்கு எடுப்பதானால் அதற்குத் தனி அனுமதி தேவையா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். முதலுதவிப் பெட்டியும் தீயணைப்பானும் வண்டியில் இருக்க வேண்டும். இருக்கைக்கு ஒருவர் என்ற கணக்கை எந்தக் காரணத்துக்காகவும் மீறக்கூடாது.

மாணவர் எண்ணிக்கை குறைவாகவும் வயது கூடுதலாகவும் இருந்தால் ரயிலையும் எண்ணிப்பார்க்கலாம். வாலாஜாபாத் ரயில் நிலையம் செங்கல்பட்டு – அரக்கோணம் பாதையில் உள்ளது. செங்கல்பட்டு வழியாகச் சென்னைக் கடற்கரை செல்லும் புறநகர் ரயில் எழும்பூரில் நிற்கும். அங்கிருந்து அருங்காட்சியகம் நடக்கும் தொலைவுதான். ரயில்களின் எண்ணிக்கை குறைவு என்பதால் கால அட்டவணையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அனுமதியும் பணமும்

மாவட்டக் கல்வி அதிகாரிகளிடம் எழுத்துவழி முன்அனுமதி பெறுவது முதல் படி. பயண நாள், இடம், வழி, வண்டி விவரம், மாணவர் பட்டியல், உடன் செல்லும் ஆசிரியர்கள் ஆகியவற்றை விண்ணப்பத்தில் கொடுக்க வேண்டும். மாணவியர் செல்லும் குழுவில் ஆசிரியைகள் கட்டாயம் இருக்க வேண்டும்.

பெற்றோரின் ஒப்புதல் கடிதம் வெறும் கையெழுத்துச் சீட்டாக இருக்கக்கூடாது. மாணவருக்கு உள்ள ஒவ்வாமை, தொடர்ந்து எடுக்கும் மருந்து, வலிப்பு அல்லது மூச்சிரைப்பு போன்ற நோய், பேருந்தில் வாந்தி வரும் பழக்கம், இரண்டு தொலைபேசி எண்கள் ஆகிய விவரங்கள் அதில் வேண்டும். இந்தத் தொழிற்பகுதியில் பெற்றோர் இருவருமே ஷிப்ட் வேலைக்குச் செல்லும் வீடுகள் பல. வேலை நேரத்தில் கைபேசியை வெளியே வைத்துவிட்டுச் செல்ல வேண்டிய தொழிற்சாலைகளும் உண்டு. அதனால் தாய், தந்தை எண்களோடு உறவினர் அல்லது அண்டைவீட்டார் ஒருவரின் எண்ணையும் வாங்குவது நல்லது. மாலையில் குழந்தையை யார் வந்து அழைத்துப் போவார் என்பதையும் அதிலேயே எழுதி வாங்கலாம். வடமாநிலத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில், கடிதத்தின் செய்தியைப் பெற்றோருக்குப் புரியும் மொழியில் நேரில் விளக்குவது தேவைப்படும்.

செலவில் பெரும்பங்கு பேருந்து வாடகைக்கே போகும். நுழைவுக் கட்டணம் சிறு தொகை. உணவு, குடிநீர், சுங்கக் கட்டணம், வண்டி நிறுத்தம், அச்சிட்ட தாள்கள், அவசரச் செலவு ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு மாணவர் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு எவ்வளவு என்று வரும். பணம் கட்ட முடியாததால் ஒரு மாணவர் வகுப்பில் தங்கிவிடும் நிலை வரக்கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவும் முன்னாள் மாணவர்களும் இதற்கு உதவலாம். கம்பெனிகள் சட்டம் 2013இன்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். கல்வியும் அப்பணிகளில் அடங்கும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதி நிறுவனங்களிடம் தெளிவான திட்டத்தோடும் வரவு செலவுக் கணக்கோடும் அணுகினால் பேருந்துச் செலவுக்கு வழி பிறக்கலாம்.

வகுப்பறையில் முன்தயாரிப்பு

புதிய இடத்துக்குப் போகும் குழந்தையின் கவனம் முதலில் அந்த இடத்தின் மேல்தான் இருக்கும். மரம், படிக்கட்டு, ஐஸ்கிரீம் வண்டி, மற்ற பள்ளிக் கூட்டம் எல்லாம் பழகிய பிறகே பாடம் மனத்தில் ஏறும். ஜான் ஃபாக்கும் உடனாய்வாளர்களும் 1978இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு இதைச் சுட்டிக்காட்டியது. இதற்கு மாற்று எளிது: அந்த இடத்தை முன்கூட்டியே பழக்கப்படுத்திவிடுவது. முன்பயணத்தில் எடுத்த படங்களை வகுப்பில் காட்டி, நுழைவாயில் எது, சாப்பிடும் இடம் எது, கழிப்பறை எங்கே, என்னென்ன நேரத்தில் என்னென்ன நடக்கும் என்று சொல்லிவிட்டால் பாதிப் பரபரப்பு அடங்கும்.

பாடத்துக்கான தயாரிப்பு மூன்று வகுப்பு நேரங்களுக்கு மேல் தேவைப்படாது. முதல் வகுப்பில் பார்க்கப்போகும் காலமும் பொருளும் அறிமுகமாகும். இரண்டாவது வகுப்பில் மாணவர்களே கேள்விகளை எழுதுவார்கள். மூன்றாவதில் பொருளைப் பார்க்கும் பயிற்சி. வீட்டிலிருந்து பழைய அரிக்கன் விளக்கு, பித்தளைச் செம்பு, அளக்கும் படி போன்ற ஒன்றைக் கொண்டுவரச் செய்து, இது எதனால் ஆனது, எப்படிச் செய்திருப்பார்கள், யார் பயன்படுத்தினார்கள், எங்கே தேய்ந்திருக்கிறது, இன்று இதன் இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம். இந்த ஐந்து கேள்விகளையே எழும்பூரிலும் கேட்கப்போகிறார்கள்.

குழு, உணவு, பாதுகாப்பு

பத்து அல்லது பன்னிரண்டு மாணவருக்கு ஒரு பெரியவர் என்பது கையாளக்கூடிய அளவு. கீழ்வகுப்பு என்றால் இன்னும் குறைவாக. ஆசிரியர் போதாவிட்டால் பெற்றோர் சிலரை உடன் அழைக்கலாம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பொருளின் பெயர் – கைக்கோடரி, நடராசர், நாணயம் – வைத்து, மாணவருக்குள் ஜோடி பிரித்துவிட்டால் யாராவது காணாமல் போனால் உடனே தெரியும். பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் கூடத்துக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் பெயர் சொல்லித் தலை எண்ண வேண்டும். பள்ளியின் பெயரும் ஆசிரியர் எண்ணும் உள்ள அட்டையை மாணவர் அணியலாம். மாணவரின் பெயர் அட்டையில் வெளியே தெரியாமல் இருப்பது பாதுகாப்பு.

கட்டுசாதத்துக்குப் புளிசாதமும் எலுமிச்சை சாதமும் ஏற்றவை. தேங்காய் சேர்த்தவையும் தயிர்சாதமும் வெயிலில் புளித்துவிடும். ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டிலும், வண்டியில் கூடுதல் கேனும் தேவை. வாந்திப் பைகள், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், மாணவியருக்கு நாப்கின், ஒரு மாற்றுடை ஆகியவை ஆசிரியரின் பையில் இருக்க வேண்டும். அவசர ஊர்தி எண் 108, குழந்தைகள் உதவி எண் 1098. எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை அருங்காட்சியகத்துக்கு அருகிலேயே இருப்பது தெரிந்திருந்தால் பதற்றத்தில் தேட வேண்டியதில்லை.

கூடத்துக்குள்

வாகான ஒரு நேரப் பகிர்வு இப்படி அமையலாம். 9.30க்கு இறங்கிச் சிற்றுண்டி, கழிப்பறை. 10 மணி முதல் முக்கால் மணி நேரம் முதல் கூடம். பதினைந்து நிமிட இடைவெளி. 11 மணிக்கு இரண்டாம் கூடம். 12 மணிக்கு மதிய உணவும் மரநிழலில் ஓய்வும். 1 மணிக்கு மூன்றாம் கூடம். கடைசி இருபது நிமிடங்கள் மாணவர் விருப்பப்பட்டதைத் திரும்பப் பார்க்க. எல்லாக் குழுக்களும் ஒரே கூடத்துக்குள் முண்டியடிக்காமல் சுழற்சி முறையில் மாறிக்கொண்டால் கண்ணாடிப் பெட்டிக்கு முன் எல்லோருக்கும் இடம் கிடைக்கும்.

மாணவர் கையில் கொடுக்கும் பயிற்சித்தாள் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. விளக்கப் பலகையில் உள்ளதை அப்படியே பெயர்த்தெழுத வைக்கும் கேள்விகள் பயனற்றவை. மாணவர் பலகையைப் பார்ப்பார், பொருளைப் பார்க்க மாட்டார். பொருளை உற்றுப் பார்த்தால் மட்டுமே பதில் கிடைக்கும் கேள்விகளே தேவை.

செப்புத் திருமேனிக் கூடத்தில் அப்படி ஒரு கேள்வி: சிலையின் பீடத்தில் துளைகளும் வளையங்களும் ஏன் இருக்கின்றன? திருவிழாவில் உற்சவரைக் கழிகளில் பிணைத்துத் தூக்கிச் செல்வதை ஊரில் பார்த்த மாணவர் பதிலைத் தானே கண்டுபிடிப்பார். அதிலிருந்து, தேன்மெழுகில் உருவம் செய்து, களிமண் பூசி, சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உலோகத்தை ஊற்றும் முறைக்குப் பேச்சை நகர்த்தலாம். வார்ப்பாலையில் வேலை செய்யும் தந்தையின் மகளுக்கு அச்சு, உருக்கு, வார்ப்பு என்பதெல்லாம் வீட்டில் கேட்ட சொற்கள். கைக்கோடரியின் முன்னால் கேட்க வேண்டியது: எந்தப் பக்கம் கையில் பிடிக்க, எந்தப் பக்கம் வெட்ட? எத்தனை இடங்களில் சில்லு தெறித்திருக்கிறது?

ஒரு பொருளையாவது ஒவ்வொரு மாணவரும் பென்சிலால் வரைய வேண்டும். வரைவது பார்வையை நிறுத்திவைக்கும். படம் அழகாக வர வேண்டிய அவசியமில்லை. கைபேசியில் படம் எடுப்பதைக் குழுவுக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டால் மற்றவர் கண்ணால் பார்ப்பார்கள். பொருள்களைத் தொடக்கூடாது என்று சொல்லும்போது காரணத்தையும் சொல்ல வேண்டும்: கையிலுள்ள உப்பும் எண்ணெய்ப்பசையும் உலோகத்தையும் கல்லையும் மெல்ல அரிக்கும்.

திரும்பி வந்த பிறகு

மறுநாளோ அடுத்த வாரத்திலோ ஒரு வகுப்பு நேரத்தை இதற்கென்றே ஒதுக்காவிட்டால் பயணம் வெறும் நினைவாகத் தேய்ந்துவிடும். கட்டுரை எழுதச் சொல்வது பழைய வழி. காலை எழுந்ததிலிருந்து இரவு படுத்தது வரை எழுதி வைப்பார்கள். அதற்குப் பதில், ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அருங்காட்சியகத்தில் வைப்பதற்கேற்ற ஐந்து வரி விளக்கப் பலகை எழுதச் சொல்லலாம். வரைந்த படத்துக்குக் கீழே அந்தப் பலகையை ஒட்டினால் வகுப்புச் சுவரிலேயே ஒரு கண்காட்சி உருவாகிவிடும்.

அடுத்த கட்டமாகப் பள்ளியில் ஒரு சிறு அருங்காட்சியகம் அமைக்கலாம். பாலாற்றங்கரை ஊர்களின் உழவுக் கருவிகள், காஞ்சிபுரம் பட்டு நெசவின் நாடாவும் தார்க்குச்சியும், பழைய அளவைகள், செல்லாத நாணயங்கள், தொழிற்சாலையிலிருந்து வந்த பயனற்ற உதிரிப் பாகம் என ஊரின் வாழ்வைக் காட்டும் பொருள்களை மாணவர்களே சேர்த்து விளக்கம் எழுதலாம். வயலில் ஓடோ கருவியோ கிடைத்தால் தோண்டாமல் ஆசிரியரிடமும், அவர் வழியாகத் தொல்லியல் துறையிடமும் தெரிவிக்க வேண்டும் என்ற பழக்கமும் இதனோடு சேர்ந்து வளரும்.

ஆசிரியர்கள் தங்களுக்குள் ஒரு மதிப்பீட்டையும் எழுதி வைப்பது பயனுள்ளது. எந்தக் கூடத்தில் நேரம் போதவில்லை, எந்தக் கேள்வி எடுபட்டது, உணவும் வண்டியும் எப்படி, செலவு எவ்வளவு என்பவற்றைக் கோப்பில் வைத்தால் அடுத்த ஆண்டு ஆசிரியருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

பலன் உண்டா?

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 2011இல் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, பள்ளிகளிலிருந்து வந்த விண்ணப்பங்கள் அளவுக்கு மீறின. யாருக்கு முதலில் வாய்ப்பு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். போனவர்களையும் இன்னும் போகாதவர்களையும் ஒப்பிட ஆய்வாளர்களுக்கு அது வழி தந்தது. ஏறத்தாழ 11,000 மாணவர்களிடம் நடந்த அந்த ஆய்வு, அரைநாள் பயணமே ஒரு படைப்பை உற்று நோக்கி ஆராயும் திறனைக் கூட்டியதாகவும், வாரங்கள் கழித்தும் மாணவர்கள் விவரங்களை நினைவில் வைத்திருந்ததாகவும் கண்டது. கிராமப்புற மாணவர்களும் வறுமையில் உள்ள பள்ளிகளின் மாணவர்களும் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பயனடைந்தனர்.

நகரத்துப் பிள்ளைகளைப் பெற்றோர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழும்பூருக்கு அழைத்துச் செல்லக்கூடும். ஷிப்ட் வேலையில் வார விடுமுறையே மாறி மாறி வரும் வீடுகளில் அது எளிதல்ல. அந்தப் பிள்ளைகள் பலருக்கு அருங்காட்சியகத்தின் கதவைத் திறக்கக்கூடியது பள்ளி ஒன்றுதான். ஆகவே வாலாஜாபாத் பகுதியின் ஒவ்வொரு பள்ளியும், ஆறாம் வகுப்பில் சேரும் மாணவர் பத்தாம் வகுப்பை முடிப்பதற்குள் இரண்டு முறையாவது நன்கு திட்டமிட்ட அருங்காட்சியகப் பயணம் சென்று வருமாறு தன் ஆண்டுத் திட்டத்திலேயே இடம் ஒதுக்க வேண்டும்.